சாமந்திக்கு மாற்றிய தண்ணீர்

அக்டோபர் 7, செவ்வாய்

உப்பு 1.025. வெப்பம் 27. அமோனியா இல்லை. மீன் இரண்டும் சாப்பிட்டன. சாமந்தி மட்டும் சரியில்லை.

பேச்சிராஜ் இன்று டீ குடிக்கும்போது மறுபடி கேட்டான்: "அண்ணே, ஒங்க வீட்டுல இருக்கது மீனா, செடியா?" அவன் ஆலங்குளத்துக்காரன். எங்கள் பிளான்ட்டில் எனக்கு அடுத்த ஷிப்ட். இரண்டும் இல்லை என்றேன். கடல் சாமந்தி. பார்க்கப் பூ, ஆனால் பிராணி. கல்லில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, நூறு விரலை விரித்து, நடுவில் வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கோமாளி மீன் இரண்டும் அதன் மடியில்தான் படுக்கும். "அது என்னத்துக்குண்ணே வீட்டுல?" என்றான். டீ ஆறிப்போகிறது குடி என்றேன்.

இரண்டு நாளாகச் சுருங்கிக் கிடக்கிறது. தினமும் ஒருதரம் சுருங்கும், கழிவைத் துப்பிவிட்டு விரிந்துவிடும். இது அப்படி இல்லை. விரல்கள் தொய்ந்து தொங்குகின்றன. தீபாவளி ஆர்டர் என்று மூன்று வாரமாக ஓ.டி. மேல் ஓ.டி. தொட்டிப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆயுத பூஜைக்கு என் மனைவி கலைமதி கண்ணாடியில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்கிறது. அதையே இன்றுதான் பார்த்தேன். நல்ல மீன் வளர்க்கிறவன்!

அக்டோபர் 9, வியாழன்

கல்லை விட்டுவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியின் மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதை உறிஞ்சிவிடாமல் இருக்க பம்ப்பின் வாயில் பஞ்சு கட்டினேன். விளக்கைப் பாதியாகக் குறைத்தேன். கொளத்தூர் கடைக்காரர் கோதண்டராமனுக்குப் போன் போட்டேன். அதை விற்றவரே அவர்தான்.

"தொட்டுத் தொட்டுப் பாக்காத. தீனி போடாத. தண்ணி மாத்து. அதோட வாயப் பாரு தமிழு, வாய் மூடிக்கினு இருந்தா உசுரு கீது."

வாய் மூடித்தான் இருக்கிறது. இப்போதைக்கு.

அக்டோபர் 10, வெள்ளி

கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். வழக்கம்போலத்தான்: எங்கள் போர்வெல் தண்ணீர், ஆர்.ஓ. மெஷினில் வடிகட்டி, அதில் கடல் உப்பு கலந்து, ஒரு நாள் சுற்றவிட்டு.

வேலையில் மூன்று மணிக்கு மழை. மேனேஜர் வெங்கடேசன் சார் பிளான்ட் வாசலில் வந்து நின்று தலையை ஆட்டினார். வால்வைத் திறந்தேன். நாற்பது நிமிஷம்.

இதை இந்த நோட்டில் நான் எழுதியதே இல்லை. இன்று ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பைக் பாகங்களுக்கு முலாம் பூசும் கம்பெனி. முதலில் காப்பர், அதன்மேல் நிக்கல், அதன்மேல் குரோம். கழுவிய தண்ணீரெல்லாம் ஈ.டி.பி. என்கிற எங்கள் கழிவுநீர் பிளான்ட்டுக்கு வரும், நாங்கள் சுத்தம் செய்து விட வேண்டும். ஒரு முலாம் லைனுக்குக் கட்டிய பிளான்ட். இப்போது இரண்டு லைன் ஓடுகிறது. தேங்குகிற மிச்சத்தை மழை பெய்யும்போது மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடுவோம். வெள்ளத்தோடு வெள்ளமாய்ப் போய்விடும் என்பார் சார். நானும் அதையேதான் நம்புகிறேன். நம்புவதில் ஒரு சிரமமும் இல்லை.

லாக் புத்தகத்தில் வெளியேறும் தண்ணீரின் பி.எச். அளவைக் காலை ஆறு மணிக்கே பிற்பகல் இரண்டு வரைக்கும் எழுதிவிடுவது எங்கள் பழக்கம். ஓ.டி. இருந்தால் ஆறு வரைக்கும். 7.2, 7.2, 7.1, 7.2. நடுவில் ஒரு 7.1 போடுவது நிஜம் மாதிரி தெரிவதற்காக. அதைச் சொல்லிக்கொடுத்ததும் சார்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

வாய் திறந்துவிட்டது. கிழிந்த பை மாதிரி. உள்ளிருந்து பழுப்பாக நூல் நூலாய்த் துப்புகிறது. நிறம் வெளுத்துவிட்டது. தண்ணீர் மாற்றினால் தேறும் என்றார், தேய்ந்தல்லவா போகிறது?

கோதண்டராமன் போனில் கேட்டார்: "காப்பர் பாத்தியா?" பார்க்கவில்லை. எப்போதோ வாங்கின டெஸ்ட் டப்பா பரணில் இருந்தது. குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து ஐந்து சொட்டு விட்டேன். லேசான நீலம். 0.3. துளிகூட இருக்கக் கூடாது. மீன் தாங்கும், சாமந்தி தாங்காது.

காப்பர் எங்கிருந்து வரும்? மதியைக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"நீ ஓ.டி. போன அன்னிக்கெல்லாம் தண்ணி கொறஞ்சிபோய் இருந்திச்சி. குடத்துலேந்து ஊத்தினேன். ஆர்.ஓ. தண்ணிதான? நீதான அத ஊத்தச் சொன்ன?"

குடம் என்றால் செப்புக்குடம். ராத்திரி அதில் தண்ணீர் பிடித்து வைத்து வெறும் வயிற்றில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று அவள் அக்கா வாங்கிக் கொடுத்தது. இரண்டு வருஷமாக அந்தத் தண்ணீர்தான் குடிக்கிறாள். தனக்கு நல்லது என்று நினைத்ததை அதற்கும் ஊற்றியிருக்கிறாள்.

கத்தினேன். ரொம்பக் கத்தினேன். கடைசியில் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

பேசவில்லை. சோறு போட்டாள். குடத்தை நானே தூக்கிப் பரணில் வைத்தேன்.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் சொல்லாதது மாதிரி ஆகிவிடும். "உன் கையில எதுவும் உசுரோட நிக்காது." இதுதான் சொன்னது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடியில், அஞ்சாம் மாசத்தில் கலைந்துவிட்டது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் மதி சொன்னாள்: "வூடு ரொம்ப அமைதியா கீது. எதனா சத்தம் இருந்தா தேவல." அதற்குத்தான் தொட்டி. அந்த பம்ப் சத்தத்துக்குத்தான். பேச்சிராஜுக்குச் சொல்லாத பதில் இது.

அப்படிப்பட்டவளைப் பார்த்து... என்ன மனுஷன்டா நீ.

அக்டோபர் 14, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து வந்தேன், அவள் கிளம்பி நின்றுகொண்டிருந்தாள். "தீபாவளிக்கு அம்மா வூட்டுக்குப் போறேன். குழம்பு வச்சிக்கீது. சூடு பண்ணிக்கோங்க."

ஐந்து வருஷக் கல்யாணத்தில் அவள் என்னை 'நீங்க' என்று சொன்னது மாமனார் செத்த வீட்டில் ஒருதரம், ஊர்ப் பெரியவர்கள் முன்னால். இது இரண்டாம் தரம்.

பரணிலிருந்து குடத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள். சேரப்பணஞ்சேரிக்கு. கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 15, புதன்

பாதித் தண்ணீர் மாற்றினேன். காப்பரை உறிஞ்ச கார்பன் பை இரண்டு போட்டேன். குடமும் இல்லை, ஊற்ற ஆளும் இல்லை. இனி தேறிவிட வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

காப்பர் 0.5.

ஏறியிருக்கிறது! இரண்டு தரம் டெஸ்ட் செய்தேன். மறுபடி பாதி மாற்றினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

0.6. மாற்ற மாற்ற ஏறுகிறது. சாமந்தி ஈரத் துணி மாதிரி கிடக்கிறது. மூக்கை வைத்துப் பார்த்தேன், அழுகின வாடை இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வேலை இல்லை. எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லை, நானும் குளித்தேன் என்று பேர் பண்ணினேன். பக்கத்து வீட்டுச் செங்கமலம் அத்தை அதிரசம் கொண்டுவந்தாள். அப்படியே முற்றத்து மோட்டாரைப் போட்டு இரண்டு குடம் பிடித்தாள். அது அப்பா போட்ட போர். "தண்ணிக்குக் கதவு போடாத" என்று அவர் சொல்லிவிட்டுப் போனதால் தெருவில் பாதிப் பேர் இங்கேதான் குடிக்கப் பிடிக்கிறார்கள். எங்கள் நிலம் எல்லாம் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போனபிறகு ஊரில் எங்களுக்கு மிஞ்சியிருக்கிற மரியாதை இந்தத் தண்ணீர்தான்.

"மதி எங்கடா? நல்ல நாளும் அதுவுமா உன்ன வுட்டுட்டுப் போயிருக்குது? இன்னா சொன்ன அதுகிட்ட?"

சிரித்து மழுப்பினேன். அவள் போனதும் அந்தக் குழாயடியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தொட்டிக்கு நான் மாற்றுகிற தண்ணீரும் இதுதானே?

ஆர்.ஓ. தண்ணீரை டெஸ்ட் செய்தேன். நீலம். ருசிக்காகக் கொஞ்சம் போர் தண்ணீர் கலக்கிற திருகு அந்த மெஷினில் இருக்கிறது. சப்பென்று இருக்கிறது என்று போன வருஷம் நான்தான் அதைத் திறந்துவிட்டேன். பிறகு போர் தண்ணீரை நேராகக் குழாயில் பிடித்தேன். ஐந்து சொட்டு.

அந்த நீலத்தை எனக்குத் தெரியும். எட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற நீலம்.

நாங்கள் திறந்துவிடுகிற அந்தக் கால்வாய் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நாற்பது அடியில் ஏரிக்குப் போகிறது.

அக்டோபர் 22, புதன்

தண்ணீர் பாட்டிலில் எடுத்துப் போய் பிளான்ட் லேப் மெஷினில் வைத்தேன். எங்கிருந்து என்று சொல்லாமல் பேச்சிராஜைப் பார்க்கச் சொன்னேன்.

"நம்ம ரெண்டாம் டேங்க் தண்ணியாண்ணே இது?"

"எங்க வூட்டுத் தண்ணி."

அவன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். கழுவிவிட்டுச் சொன்னான்: "நாம தொறக்கலேன்னா வேற ஒருத்தன் தொறப்பாண்ணே. நீங்க மனச விடாதிய."

காப்பர் வந்தால் நிக்கலும் வந்திருக்கும், குரோமும் வந்திருக்கும். அதற்கெல்லாம் என் வீட்டில் டப்பா இல்லை.

குடத்திலிருந்தும் கொஞ்சம் வந்திருக்கலாம். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாளி வாளியாக மாற்றினவன் நான்தான். மருந்து என்று நினைத்து விஷத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் மேல் கத்திவிட்டு அதையே செய்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தெருவுக்கு மோட்டார் ரிப்பேர் என்று சொன்னேன். எனக்குக் கேன் தண்ணீர்.

இதைவிட நல்லது எதுவும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லலாமே? சொன்னால் அடுத்த கேள்வி யார் விட்டது என்பதுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

விடிந்ததும் பைக்கில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு கோவளம் போனேன். இடுப்பளவு இறங்கி, அலை கலக்காத இடத்தில் மொண்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் "இன்னா சார், பரிகாரமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் சொன்னபடி பழைய கல், மணல் எல்லாவற்றையும் வெளியே போட்டேன். அதெல்லாம் காப்பரைக் குடித்திருக்கும், மெல்ல மெல்லக் கக்கும் என்றார். வெள்ளை பிளாஸ்டிக் டப் ஒன்றில் கடல் தண்ணீரை ஊற்றி, அவர் கொடுத்த புதுக் கல் ஒன்றை வைத்து, சாமந்தியை உள்ளங்கையில் ஏந்தி இறக்கினேன். முன்பெல்லாம் தொட்டால் விரல் விரலாக ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒட்டவில்லை. கையில் ஏந்தியபோது அதற்கு எடையே இல்லை.

எடை இல்லாத ஒன்றை ஒருதரம் கையில் வாங்கியிருக்கிறேன். துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அக்டோபர் 29, புதன்

வேலையிலிருந்து வந்தால் மோட்டார் ஓடுகிறது. குழாயடியில் ஆறு குடம் வரிசையாக நிற்கிறது. செங்கமலம் அத்தையின் மருமகன் கரண்ட் லைன் மெயின்டனன்ஸில் வேலை பார்க்கிறவர், ஃபியூஸ் இல்லை என்று கண்டுபிடித்துப் புதிதாகப் போட்டுவிட்டாராம். ஒரு உதவி!

"இன்னா தமிழு, ஃபியூஸ் கீழ வுழுந்துட்சா? தண்ணிக்குப் பூட்டுப் போட்டுட்டான்னு தெருவுல பேசிக்கினாங்க. நான்தான் சண்ட போட்டேன், எங்க தமிழு அப்படியாப்பட்டவன் இல்லன்னு."

"அத்தை, போர் தண்ணி குடிக்காதீங்க. உப்பு ஏறிக்கிச்சி."

அங்கேயே ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். "எங்க உப்பு? தேனாட்டம் கீது" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

டப்பில் பாதி மாற்றினேன். கோவளத்துத் தண்ணீர். காப்பர் இல்லை. பார்க்க உயிர் இருப்பது மாதிரியும் இருக்கிறது, இல்லாதது மாதிரியும் இருக்கிறது. என்னைப் போல.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் வாய் மூடியிருந்தது. பென் டார்ச் அடித்துப் பார்த்தேன். நிஜமாகவே மூடியிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஒருத்திதான் உண்டு. பைக்கை எடுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் போனேன்.

மாமியார் மரகதம் டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மதி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டி ஓரம் அந்தக் குடம். போகிற வழியெல்லாம் சாமந்தியைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"குடம் இல்ல மதி. காப்பர் போர்ல கீது."

"போர்ல எப்டி வரும்?"

"எங்க கம்பெனித் தண்ணி. கால்வாயில உடறது."

"யார் உடறது?"

"நான்தான்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது லைன் போட்டதுலேர்ந்து. மூணு வருசமா. மழை வந்தா மட்டும்."

கட்டைவிரலை விரல் கணுக்களில் வைத்து எண்ண ஆரம்பித்தாள். மாசங்களைத்தான் எண்ணினாள். ஓரிடத்தில் கட்டைவிரல் நின்றுவிட்டது. அது எந்த மாசம் என்று எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சொன்னதற்காக என்று ஆரம்பித்தேன். "அத மட்டும் பேசாதீங்க" என்றாள்.

கீழே இறங்கும்போது படியில் நின்று சொன்னாள்: "மழை வந்தா போன் பண்றேன். தொறக்காத அன்னிக்கு நானே வந்துடறேன். நீங்க கூப்பிட வரவேணாம்."

அந்தத் தண்ணீரால்தான் அன்று அப்படி ஆகியிருக்குமா? எனக்குத் தெரியாது. டாக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆகியிருக்காது என்றும் எனக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பேன், எப்படிக் கேட்பேன்? வண்டியை ஒரகடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு வந்தேன். எப்படி வந்தேன் என்று ஞாபகம் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

ஓ.டி. இரண்டே காலுக்கு மழை. சார் தலையை ஆட்டினார். திறந்தேன். பத்து நிமிஷத்தில் போன்.

"அங்க மழையா?"

"ஆமா."

"தொறந்தீங்களா?"

ஆமாம் என்று சொன்னேன். வைத்துவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

சாமந்தி கல்லைப் பிடித்துவிட்டது! டப்பை லேசாக ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. விரல்கள் பாதி நிமிர்ந்திருக்கின்றன. இன்னும் வெள்ளைதான், கண்ணாடி மாதிரி. நிறம் வர மாசக்கணக்காகுமாம். கோதண்டராமன், "பொழச்சிடும்பா, காலு ஊணிட்டா பாதி கெலிச்ச மாதிரி" என்றார். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதை நினைத்தால் அசிங்கமாகவும் இருந்தது.

நவம்பர் 15, சனி

இன்று திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மழை வந்தது. சார் தலையை ஆட்டினார். "டேங்க்ல இன்னும் இடம் இருக்கு சார், பாத்துக்கலாம்" என்றேன். போய்விட்டார். மதிக்கு நானே போன் செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது.

இருபத்தைந்து நிமிஷத்தில் டேங்க் நிரம்பி வழிந்து முலாம் ஷெட்டுக்குள் போய்விட்டது. லைனை நிறுத்தினார்கள். நாற்பது பேர் முன்னால் சார் கேட்டார்: "தமிழ்வாணன், லைன் நின்னா யார் பதில் சொல்றது? நீ சொல்றியா? ஜனவரி லிஸ்ட்ல உன் பேரு கீது. அடிச்சிடட்டுமா?"

எட்டு வருஷமாகக் காண்ட்ராக்ட். இந்த ஜனவரியில்தான் பெர்மனன்ட்.

பேச்சிராஜ் ஓ.டி.க்கு வந்திருந்தான். அவன் என்னைத் தாண்டிப் போய் வால்வைத் திறந்தான்.

போன் வந்தது. மழையா என்றாள். ஆமாம். திறந்தீர்களா என்றாள்.

"நான் தொறக்கல மதி."

"யார் தொறந்தது?" என்றாள். எப்படித்தான் தெரிகிறதோ! நான் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

சாமந்தியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தண்ணீர் மட்டும் மாற்றினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புது மணல் போட்டு, கடல் தண்ணீர் நிரப்பி, சாமந்தியைக் கல்லோடு தூக்கி வைத்தேன். வேறு டப்பில் இருந்த மீன்களையும் விட்டேன். முதலில் பயந்து விலகி நின்றன. மத்தியானத்துக்குள் ஒன்று பக்கத்தில் போய் உரசிப் பார்த்தது.

கோவளத்துக்கு இது நாலாவது தரம். வலைக்காரர் இப்போது என்னைக் கண்டாலே கேன் பிடிக்க வந்துவிடுகிறார். சாமந்திக்குக் கடலிலிருந்து வருகிறது, எனக்குக் கேனில் வருகிறது. முற்றத்தில் காலையும் மாலையும் மோட்டார் ஓடுகிறது. செங்கமலம் அத்தையின் பேத்திக்கு ஆறு மாசம், இட்லி ஊட்டுகிறார்களாம். அத்தை இன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உன் பூ தேறிட்சா தமிழு? நல்ல மனசு உனுக்கு, அதுக்குப் போய் இந்தப் பாடு படற" என்றாள்.

வாயைத் திறந்தேன். அவள் இடுப்பில் குடம் இருந்தது. மூடிக்கொண்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

சார் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். லிஸ்ட்டில் பேர் அப்படியே இருக்கிறது என்றார். "கோவத்துல சொன்னேன், மனசுல வெச்சுக்காத." இல்லை சார் என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

நகம் அளவு இறால் துண்டைக் குச்சியில் குத்தி விரல் பக்கம் நீட்டினேன். ஒட்டிக்கொண்டது. ஒரு விரல், இரண்டு விரல், பிறகு பத்துப் பன்னிரண்டு விரல் சேர்ந்து மெல்ல வளைத்து வாய்க்குக் கொண்டுபோயின. வாய் திறந்து வாங்கி மூடிக்கொண்டது. எட்டு வாரம் கழித்து முதல் கவளம். அடியில் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கிறது.

வீடியோ எடுத்தேன். மதிக்கு அனுப்பப் போய் அனுப்பாமல் வைத்துவிட்டேன். முதலில் திறக்காத ஒரு நாள் வேண்டும்.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் முழுதாக விரிந்திருந்தது. மீன் இரண்டும் உள்ளே படுத்திருந்தன.

ஓ.டி.யில் இருந்தேன், மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த வருஷத்திலேயே பெரிய மழை. பிளான்ட் கூரை தகரம், பக்கத்தில் நிற்கிறவன் பேசினால் கேட்காது. சார் வரக்கூட இல்லை, தூரத்தில் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானே போய் வால்வில் கை வைத்தேன். பாதி திருகியிருப்பேன், போன் அடித்தது.

"இங்க கொட்டுது. அங்க?"

ஒரு கை வால்வில், ஒரு கையில் போன்.

"இங்க இல்ல மதி! தூறல்கூட இல்ல!"

"அப்ப ஏன் கத்துறீங்க?" என்றாள்.

அவளே வைத்துவிட்டாள். மிச்சத்தையும் திருகித் திறந்தேன். நாற்பது நிமிஷம் கழித்து மூடினேன். லாக்கில் காலையிலேயே 7.2 எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தேன். உப்பு 1.025. வெப்பம் 26. அமோனியா இல்லை. காப்பர் இல்லை.